மனைவிக்கு மாட்டிவிட்ட நகை ஹெலனுடையதா? டிராயைத் தோண்டிய ஷ்லீமனின் கதை

சோஃபியா ஷ்லீமன் என்று மொபைலில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இருபது வயதைச் சற்றே தாண்டிய ஒரு கிரேக்கப் பெண். கழுத்து கொள்ளாத மணிச்சரங்கள், காதில் பெரிய தொங்கட்டான், நெற்றியை மூடி இரண்டு பக்கமும் தோள்வரை இறங்கும் தங்கச் சங்கிலிகள். நம்ம ஊர்க் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டும் நெத்திச்சுட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

1870-களில் எடுத்த இந்தப் படம் அன்றைய ஐரோப்பாவில் செம வைரல். காரணம், அது டிராய் நகரத்து ஹெலனின் நகை என்று அவளுடைய கணவர் உலகத்துக்கே சொல்லியிருந்தார். எந்த ஹெலன்? எவளுக்காக ஆயிரம் கப்பல்கள் கடல் கடந்து வந்து பத்து வருடம் போர் நடந்தது என்று கிரேக்கப் புராணம் சொல்கிறதோ, அதே ஹெலன்.

நகை அசல் தங்கம். கிடைத்த இடமும் டிராய்தான். ஆனால் ஹெலனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் போர் நடந்திருக்கக்கூடிய காலத்துக்கும் ஆயிரம் வருடம் முந்தைய நகை அது. கணவருக்கு இது தெரியவந்தபோது அவர் வாழ்நாளில் சில மாதங்களே பாக்கி இருந்தன.

அந்தக் கணவர் ஹைன்ரிக் ஷ்லீமன். தொல்லியலின் தந்தை என்று ஒரு கூட்டமும், டிராயை இரண்டாவது முறை அழித்தவர் என்று இன்னொரு கூட்டமும் இன்றும் சண்டை போடும் ஆள். ரெண்டு பேர் பக்கமும் ஆதாரம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

மளிகைக் கடைப் பையன்

1822 ஜனவரி 6. வடக்கு ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் நோய்புகோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஒரு புராட்டஸ்டன்ட் பாதிரியார். அடுத்த வருடமே குடும்பம் அங்கர்ஸ்ஹாகன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் அம்மா இறந்தார். வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு அப்பாவுக்கு இருந்த உறவு ஊரெல்லாம் பேச்சானது. சர்ச் பணத்தில் கை வைத்தார் என்ற குற்றச்சாட்டும் வந்தது. பையனின் படிப்பு பதினான்கு வயதில் நின்றது. ஃபுர்ஸ்டன்பர்க் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். விடியற்காலை முதல் இரவு வரை மீன், வெண்ணெய், உப்பு, உருளைக்கிழங்குச் சாராயம். ஐந்தரை வருடம் இப்படியே ஓடியது.

கனமான ஒரு பீப்பாயைத் தூக்கியதில் நெஞ்சு அடிபட்டு அந்த வேலையும் போனது. ஹாம்பர்க் போனார், அங்கிருந்து வெனிசுலாவுக்குக் கப்பல் ஏறினார். 1841 டிசம்பரில் டச்சுக் கரையோரம் கப்பல் புயலில் உடைந்தது. உயிர் பிழைத்துக் கரையேறியவர், ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபார நிறுவனத்தில் சாதாரண வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் மனுஷன் யார் என்று தெரிய ஆரம்பிக்கிறது. சம்பளத்தில் பாதி மொழி கற்கவே போனது. அவருடைய முறை ரொம்ப சிம்பிள்: மொழிபெயர்ப்பு பார்க்கக் கூடாது, சத்தமாகப் படிக்க வேண்டும், தினமும் எழுத வேண்டும், எழுதியதை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ் என்று வரிசையாக முடித்தார். ரஷ்ய மொழிக்கு ஆம்ஸ்டர்டாமில் வாத்தியார் கிடைக்கவில்லை. அதனால் ஒரு ஏழை முதியவருக்குக் காசு கொடுத்து எதிரே உட்கார வைத்து, தான் மனப்பாடம் செய்த ரஷ்யப் பாடத்தை அவரிடம் ஒப்பித்தார். பெரியவருக்கோ ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது. சத்தம் தாங்காமல் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் புகார் சொல்ல, வீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இதெல்லாம் அவரே எழுதிவைத்தது. அவர் எழுதிவைத்ததை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். ஆனால் மொழித்திறமை பொய் இல்லை. எந்த நாட்டில் இருந்தாரோ அந்த நாட்டு மொழியில் எழுதிய டைரிகள் இன்றும் இருக்கின்றன.

தங்கப் பொடி, அவுரி, வெடியுப்பு

ரஷ்ய மொழி அவரை 1846-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கொண்டுபோய்ச் சேர்த்தது. முக்கிய வியாபாரம் அவுரி, அதாவது துணிக்குப் போடும் நீலச் சாயம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன அவுரியில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக வங்காளத்தில் விளைந்தது. அங்கே அந்தச் செடியைப் பயிரிட்ட விவசாயிகளின் நிலைமை எப்படி இருந்தது என்பது வேறு கதை. இங்கே ஷ்லீமன் பணக்காரர் ஆகிக்கொண்டிருந்தார்.

கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போன தம்பி லூட்விக் 1850-ல் இறந்துபோனார். அண்ணன் 1851-ல் அங்கே போய், சாக்ரமென்டோவில் ஒரு வங்கியைத் திறந்தார். சுரங்கத்தில் இறங்கித் தோண்டவில்லை. தோண்டியவர்களிடம் தங்கப் பொடியை வாங்கி விற்றார். ஒரு வருடத்துக்குள் பெரும் லாபத்தோடு ரஷ்யாவுக்குத் திரும்பி, 1852-ல் எகடரீனா என்ற ரஷ்யப் பெண்ணைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள். சந்தோஷம் இல்லாத கல்யாணம்.

1853-ல் கிரிமியப் போர் மூண்டது. வெடியுப்பு, கந்தகம், ஈயம் என ராணுவத்துக்கு வேண்டியதை விற்றார். 1854-ல் மேமல் துறைமுகத்தில் பெரும் தீ. ஊரே எரிந்து சாம்பலானது. அவருடைய சரக்கு வைத்திருந்த மரக்கொட்டகை மட்டும் தப்பியது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அதை நல்ல விலைக்குத் தள்ளினார். நாற்பது வயதைத் தாண்டியபோது, இனி சம்பாதிக்கவே வேண்டாம் என்ற அளவுக்குச் சொத்து. கடையை மூடிவிட்டு இந்தியா, சீனா, ஜப்பான் என்று உலகம் சுற்றக் கிளம்பினார்.

ஏன் டிராய்?

அவர் சொன்ன கதை இது. ஏழு வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக அப்பா ஒரு உலக வரலாற்றுப் புத்தகம் கொடுத்தார். அதில் தீப்பற்றி எரியும் டிராயின் படம். இவ்வளவு பெரிய மதில் முழுசாக அழிந்திருக்க முடியாது, ஒருநாள் நான் தோண்டி எடுப்பேன் என்று அந்தப் பையன் அன்றே சபதம் எடுத்தான். மளிகைக் கடையில் குடிகார ஆள் ஒருவர் ஹோமரின் வரிகளைக் கிரேக்கத்தில் சொல்லக் கேட்டு, அர்த்தம் புரியாமலே அழுதான். அப்புறம் சம்பாதித்ததெல்லாம் டிராய்க்காகத்தான்.

சினிமாவுக்கு ஏற்ற ஓப்பனிங். ஆய்வாளர்கள் சிலர் அவருடைய கடிதங்களையும் டைரிகளையும் தேடிப் பார்த்தார்கள். அவர் நாற்பதுகளின் நடுவில் தொல்லியலுக்குள் வரும் வரை இந்தச் சிறுவயதுச் சபதத்துக்குத் தடயமே இல்லை. 1970-களில் வில்லியம் கால்டர், பிறகு டேவிட் ட்ரெய்ல் ஆகியோர் அவருடைய வேறு கதைகளையும் சோதித்தார்கள். 1851-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெருந்தீயை நேரில் பார்த்ததாக டைரியில் எழுதியிருக்கிறார். தீ நடந்த மாதமே தப்பு. அப்போது அவர் இருந்ததும் சாக்ரமென்டோவில். இன்றைய பாஷையில் சொன்னால் அக்மார்க் உருட்டு.

எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது, இந்த உருட்டுகள் பலவற்றால் அவருக்கு லாபமே கிடையாது என்பதுதான். யாருக்கும் காட்டாத டைரியில் எதற்குப் பொய்? சாதாரணமாக வாழ்ந்துவிட்டுப் போவது அந்த ஆளுக்குத் தாங்கவில்லை போல.

சரி, டிராய்க்கு வருவோம். அப்போது பெரும்பாலான அறிஞர்கள் டிராய் போரை வெறும் கற்பனைக் காவியமாகவே பார்த்தார்கள். ஊர் இருந்திருக்கலாம் என்று நம்பியவர்களில் பலர் இன்றைய துருக்கியின் வடமேற்கில் உள்ள புனார்பாஷி கிராமத்தைக் கைகாட்டினார்கள். 1868-ல் ஷ்லீமனும் அங்கே போய்ச் சும்மா கொஞ்சம் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஊர் திரும்பும் கப்பலைத் தவறவிட்டார். அந்தக் காத்திருப்பில்தான் ஃபிராங்க் கால்வெர்ட்டைச் சந்தித்தார்.

கால்வெர்ட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? டார்டனெல்ஸ் நீரிணைப் பகுதியில் தலைமுறையாக வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹிசார்லிக் என்ற மேடுதான் டிராய் என்று நம்பி, அதில் ஒரு பகுதியை விலைக்கே வாங்கியிருந்தார். 1860-களில் தன் செலவில் தோண்டவும் ஆரம்பித்திருந்தார். பிரிட்டிஷ் மியூசியத்திடம் பண உதவி கேட்டார், கிடைக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஷ்லீமனிடம் சொன்னார். எங்கே தோண்ட வேண்டும், என்ன கருவி வேண்டும், எந்த மாதம் வர வேண்டும் என்பது உட்பட. ஷ்லீமன் புத்தகம் எழுதியபோது ஹிசார்லிக் தன்னுடைய கண்டுபிடிப்பு ஆகிவிட்டது.

பெண் பார்க்கும் படலம்

தோண்டுவதற்கு முன் அவருக்கு இரண்டு வேலைகள் பாக்கி. பழைய கல்யாணத்தை முறிக்க வேண்டும், புதிதாக ஒன்று செய்ய வேண்டும்.

1869-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் குடியுரிமை வாங்கினார். அதற்கு வேண்டிய ஐந்து வருடக் குடியிருப்பு அவருக்குக் கிடையாது. பொய்ச்சாட்சி ஒருவரை வைத்துச் சமாளித்தார். அப்புறம் விவாகரத்துச் சட்டம் தளர்வாக இருந்த இந்தியானா மாநிலத்துக்குப் போய், அங்கேயே குடியேறப்போவதுபோல் காட்டி, விவாகரத்துத் தீர்ப்பும் வாங்கினார். அதே வருடம் ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டமும் கொடுத்தது. எல்லாம் ஒரே வருடத்தில்.

கூடவே, தனக்குக் கிரேக்கம் கற்பித்த நண்பரான ஏதென்ஸ் பாதிரியார் ஒருவருக்கு எழுதி, ஹோமரை நேசிக்கும் கிரேக்கப் பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார். வந்த படங்களில் சோஃபியா எங்காஸ்ட்ரோமெனோஸ் பிடித்துப்போனது. அவளுக்கு 17 வயது, இவருக்கு 47. நேரில் பார்க்கப் போனபோது, ஹோமரில் சில வரிகளை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தாள். என்னை ஏன் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாய் என்று கேட்டார். நீங்கள் பணக்காரர் என்று அப்பா அம்மா சொன்னார்கள் என்று அந்தப் பெண் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மனுஷன் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பிறகு சமாதானமாகி, செப்டம்பரில் கல்யாணம். மகளுக்கு ஆண்ட்ரமகி, மகனுக்கு அகமெம்னான் என்று காவியப் பெயர்கள். வீட்டு வேலையாட்களைக்கூட ஹோமரின் பாத்திரப் பெயர்களில்தான் கூப்பிட்டார்.

ஒரு மேட்டை நடுவில் பிளந்தார்

1870-ல் அனுமதியே இல்லாமல் ஒரு முன்னோட்டம் தோண்டினார். ஒட்டோமான் அரசின் முறையான அனுமதியோடு வேலை தொடங்கியது 1871-ல். கிடைப்பதில் பாதி அரசுக்கு என்பது நிபந்தனை.

ஹிசார்லிக் இயற்கையான குன்று மட்டும் அல்ல. ஒரு ஊர் அழியும், அதன் மேலேயே அடுத்த ஊர் எழும். இப்படி மூவாயிரம் வருடத்துக்கும் மேல் அடுக்கடுக்காகச் சேர்ந்த மேடு. இன்று ஒன்பது பெரும் அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். அடியில் கி.மு. 3000 வாக்கில் தொடங்கும் முதலாம் டிராய். உச்சியில் ரோமானியர் காலத்து ஒன்பதாம் டிராய்.

ஹோமர் சொன்ன ஊர் ரொம்பப் பழசு, அதனால் ரொம்ப ஆழத்தில்தான் இருக்கும். இதுதான் ஷ்லீமனின் கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்களை வைத்து மேட்டின் நடுவே வடக்கு தெற்காக ஒரு பள்ளம் வெட்டினார். சுமார் 40 மீட்டர் அகலம், 17 மீட்டர் வரை ஆழம். வழியில் வந்த சுவர்களை எல்லாம் இடித்து அள்ளி வெளியே கொட்டினார்கள். மேலடுக்குகள் அவருக்கு வெறும் இடைஞ்சல்.

பிரச்னை என்னவென்றால், டிராய் போர் நடந்திருக்குமானால் அது கி.மு. 1200-ஐ ஒட்டிய காலத்தில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஊர் ஆறாவது, ஏழாவது அடுக்குகளில் இருக்கிறது. மேலிருந்து எண்ணினால் சீக்கிரமே வந்துவிடும். எதைத் தேடி வந்தாரோ அதை உடைத்துக்கொண்டுதான் அவர் கீழே இறங்கினார். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் அங்கே அதீனா கோயில் கட்டியவர்கள் மேட்டின் உச்சியைச் சமப்படுத்தியபோதே அந்த அடுக்குகளின் நடுப்பகுதி பெருமளவு போய்விட்டது. பழி முழுவதும் ஷ்லீமனுடையது அல்ல.

எச்சரிக்கை செய்ய ஆள் இல்லாமலும் இல்லை. கி.மு. 1800-க்கும் 700-க்கும் இடைப்பட்ட காலத்துப் பொருள் எதுவுமே கிடைக்கவில்லையே, அப்படியானால் ஹோமரின் டிராய் எங்கே என்று 1873 தொடக்கத்தில் கால்வெர்ட் பத்திரிகையிலேயே எழுதினார். அவர் சந்தேகப்பட்டது சரி. ஷ்லீமனுக்கு அது துரோகமாகப் பட்டது. இதற்கு முன்பே கால்வெர்ட்டின் நிலத்தில் கிடைத்த, நான்கு குதிரைகளோடு சூரியக் கடவுள் ஹீலியோஸ் எழும் அருமையான பளிங்குச் சிற்பத்தில் அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் குறைந்த விலைக்குப் பேசி வாங்கியிருந்தார். இருவருக்கும் பேச்சு நின்றது.

அந்தத் தங்கம்

1873 மே கடைசி. இரண்டாம் டிராயின் மதில் ஓரம் செம்பு மின்னியது. அதன் பின்னால் தங்கம்.

ஷ்லீமன் எழுதியபடி: கூலியாட்களுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று உடனே காலை உணவு இடைவேளை விட்டார். எந்த நேரமும் சரிந்து விழக்கூடிய சுவருக்கு அடியில் கத்தியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தார். பக்கத்தில் நின்ற சோஃபியா அதைத் தன் சால்வையில் பொதிந்து கொண்டுபோனாள்.

சோஃபியா அங்கே இல்லவே இல்லை. அப்பா இறந்துபோனதால் ஏதென்ஸில் இருந்தாள். பின்னாளில் ஷ்லீமனே ஒரு கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டார். மனைவியைத் தொல்லியலாளர் ஆக்கும் ஆசையில் அப்படி எழுதினாராம். ஒரே இடத்தில் ஒரே நாளில் கிடைத்தது என்பதையும் சிலர் நம்பவில்லை. பல வாரங்களில் கிடைத்ததைச் சேர்த்து ஒரே புதையல் ஆக்கிவிட்டார் என்பது ட்ரெய்லின் வாதம். பெரும்பகுதி ஒன்றாகக் கிடைத்ததுதான் என்று டொனால்ட் ஈஸ்டன் போன்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள்.

பொய்யை ஒதுக்கிவிட்டு நகையைப் பாருங்கள். அசந்துபோவீர்கள். இரண்டு நெற்றியணிகள் இருந்தன. பெரியதில் 90 சங்கிலிகள் தொங்குகின்றன. நெற்றிக்குக் குட்டையாக, இரு பக்கமும் நீளமாக. ஒவ்வொரு சங்கிலியும் பொடிப்பொடி வளையங்களாலும் இலை போன்ற தகடுகளாலும் ஆனது. நுனியில் குட்டி உருவங்கள். ஷ்லீமன் எண்ணிப் பார்த்த கணக்கு: அந்த ஒரு நெற்றியணியில் மட்டும் 16,353 தங்கத் துண்டுகள். தவிர 60 காதணிகள், ஆறு வளையல்கள், 8,750 சின்னச் சின்ன மணிகளும் வளையங்களும். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த படகு வடிவத் தங்கக் கிண்ணம் ஒன்று, எடை சுமார் 600 கிராம். இரும்புக் கருவி புழக்கத்துக்கு வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பு, ஏறக்குறைய கி.மு. 2400 வாக்கில், யாரோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்றுகூட நமக்குத் தெரியாது. தங்கள் நகைக்கு மன்னர் பிரியாமின் புதையல் என்று பெயர் வரும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஹோமர் பிறக்கவே இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் இருந்தது.

பாதிப் பங்கு ஒப்பந்தத்தைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் ஏதென்ஸுக்குக் கடத்தினார் ஷ்லீமன். ஒட்டோமான் அரசு வழக்குப் போட்டது. நீதிமன்றம் 10,000 பிராங்க் கட்டச் சொன்னது. அவர் 1875-ல் 50,000 பிராங்க் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொண்டார். எதிர்காலத்தில் மறுபடி தோண்ட அனுமதி வேண்டுமே, அந்தக் கணக்கு. அந்தப் புகைப்படமும் இந்தக் காலத்தில் எடுத்ததுதான்.

அகமெம்னானின் முகம்?

1876-ல் கிரேக்கத்தின் மைசீனிக்குப் போனார். காவியத்தில் கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னானின் ஊர் இது. போரிலிருந்து திரும்பியவனை மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் அவள் காதலனும் சேர்ந்து கொன்றுவிடுவார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பயண எழுத்தாளர் பாசானியாஸ், அகமெம்னானின் கல்லறை மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருந்தார். எல்லோரும் வெளி மதில் என்று நினைத்தார்கள். ஷ்லீமன் உள் மதில் என்று எடுத்துக்கொண்டு, சிங்க வாசலுக்கு உள்ளே தோண்டினார்.

ஐந்து கல்லறைகள். தங்க முகமூடிகள், தங்கத் தகடுகள், சிங்க வேட்டைக் காட்சி பதித்த குறுவாள். இந்த முறை கிரேக்க அரசின் அதிகாரி ஸ்டமாடாகிஸ் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார். இருவருக்கும் தினமும் சண்டை. கண்காணிப்பு இருந்ததால்தான் மைசீனிப் பொருட்கள் நாடு கடக்காமல் இன்றும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்பது என் எண்ணம். சோஃபியாவும் இந்த முறை நிஜமாகவே வேலை செய்தார். கிளைடெம்னெஸ்ட்ராவின் கல்லறை என்று அழைக்கப்படும் தேன்கூடு வடிவக் கல்லறையில் தோண்டும் வேலையை அவர்தான் நடத்தினார். அடுத்த வருடம் லண்டனில் அறிஞர்கள் சபையில் பேசவும் செய்தார்.

மீசை தாடியோடு இருக்கும் அந்த ஒரு முகமூடியை இணையத்தில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அகமெம்னானின் முகத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஷ்லீமன் தந்தி அடித்ததாக ஒரு கதை உலவுகிறது. அந்த வடிவில் ஒரு தந்தி கிடையாது. ஆனால் அகமெம்னானின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கிரேக்க மன்னருக்குத் தந்தி போனது நிஜம். காலக்கணக்கு மறுபடி உதைத்தது. அந்தக் கல்லறைகள் கி.மு. 16-ஆம் நூற்றாண்டு, டிராய் போருக்கு முந்நூறு வருடம் முன்பு.

இருந்தாலும் மைசீனி சாதாரண விஷயம் இல்லை. கிரேக்க வரலாறு என்றாலே கி.மு. 776-ன் முதல் ஒலிம்பிக் போட்டியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த உலகத்துக்கு, அதற்கும் எட்டு நூற்றாண்டு முன்பே ஒரு பெரும் நாகரிகம் இருந்தது என்று காட்டியது அந்தப் பள்ளம்தான். அந்த நாகரிகத்தின் எழுத்து 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியபோது, மொழியும் கிரேக்கம்தான் என்று உறுதியானது.

கடைசி வருடம்

1882 முதல் டிராயில் ஷ்லீமனோடு ஒரு இளம் கட்டடக்கலைஞர் சேர்ந்தார். பெயர் வில்ஹெல்ம் டார்ப்ஃபெல்ட். சுவரைப் பார்த்தால் எந்தச் சுவர் எந்தக் காலம் என்று பிரித்துச் சொல்லும் ஆள். ஷ்லீமன் மாறியதும் இவரால்தான். இடித்துத் தள்ளுவதை நிறுத்தி, வரைபடம் போட்டு, அடுக்கு அடுக்காக வேலை செய்யக் கற்றுக்கொண்டார். கால்வெர்ட்டோடும் சமாதானம் ஆனார். அறுபது வயதில், அதுவும் அவ்வளவு ஈகோ உள்ள ஒருவர், இதைச் செய்தது எனக்கு அவருடைய புதையலைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1890-ல் நடந்த அகழாய்வில், தங்கம் கிடைத்த கோட்டைக்கு வெளியே, முன்பு சீண்டாமல் விட்டிருந்த மேலடுக்கு ஒன்றில், பெரிய கட்டடம் ஒன்று தென்பட்டது. அதனோடு மைசீனி பாணிப் பாண்டங்கள். ஷ்லீமனுக்குத் தெரிந்த பாண்டங்கள். மைசீனியில் அவரே எடுத்தவற்றைப் போன்றவை. அகமெம்னான் காலத்து ஆட்கள் புழங்கிய பாண்டம் ஆறாவது அடுக்கில் கிடைக்கிறது என்றால், கீழே இருக்கும் இரண்டாவது அடுக்கு பிரியாமின் ஊராக இருக்க முடியாது. நெற்றியணி ஹெலனுடையது இல்லை. இருபது வருட வேலையின் மையமே சரிந்தது.

அடுத்த வருடம் வந்து இதைத் தீர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டார். அதற்குள் வெகுநாளாகத் தொல்லை கொடுத்த காதுக்கு நவம்பரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அறுவை சிகிச்சை. ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஏதென்ஸ் வீட்டில் இருக்க வேண்டும். வழியில் பாம்பேயில் நடக்கும் அகழாய்வைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டிசம்பர் 25, நேப்பிள்ஸ் நகரத் தெருவில் மயங்கி விழுந்தார். பேச்சு வரவில்லை. பத்துக்கும் மேற்பட்ட மொழி தெரிந்தவரால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. அடையாளம் தெரியாத ஆள் என்று மருத்துவமனையில் சேர்க்கவில்லை. மறுநாள், 1890 டிசம்பர் 26, இறந்துபோனார். வயது 68. உடலை ஏதென்ஸுக்குக் கொண்டுபோன இருவரில் ஒருவர் டார்ப்ஃபெல்ட்.

சோஃபியா பணம் கொடுக்க, டார்ப்ஃபெல்ட் 1893-ல் மறுபடி தோண்டினார். ஆறாம் டிராயின் கம்பீரமான மதில் ஷ்லீமன் கை வைக்காத ஓரங்களில் அப்படியே நின்றது. ஹோமரின் டிராய் ஆறாவதா, ஏழாவதன் முதல் பகுதியா என்று அமெரிக்கர் கார்ல் பிளெகன் 1930-களில் தொடங்கிய விவாதம் இன்னும் நடக்கிறது. போர் என்று ஒன்று நடந்ததா என்பதும்தான்.

நகை இப்போது எங்கே?

1881-லேயே ஷ்லீமன் டிராய்ப் புதையலை ஜெர்மனிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு பெர்லின் நகரம் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. இரண்டாம் உலகப் போரில் பெர்லின் விலங்குக் காட்சிச் சாலை அருகே இருந்த விமான எதிர்ப்புக் கோபுரத்தில் பெட்டிகளில் பத்திரப்படுத்தினார்கள். 1945-ல் சோவியத் படை நகரத்தைப் பிடித்தபோது பெட்டிகள் காணாமல் போயின. அடுத்த அரை நூற்றாண்டு மாஸ்கோ எங்களிடம் இல்லை என்றே இருந்தது. உருக்கிவிட்டார்கள் என்றுகூட நினைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தது. 1996-ல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

ஜெர்மனி, எங்களுக்குப் பரிசாக வந்தது என்கிறது. ரஷ்யா, போரில் நாங்கள் இழந்ததற்கு ஈடு என்று 1998-ல் சட்டமே போட்டிருக்கிறது. துருக்கி, முதலில் எங்கள் மண்ணிலிருந்து திருடியது என்கிறது. ரஷ்யாவில் அவுரி விற்றுச் சேர்த்த பணத்தில் தோண்டி எடுத்த தங்கம் கடைசியில் ரஷ்யாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

டிராய்த் தங்கத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் திரும்பியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1966-ல் விலைக்கு வாங்கியிருந்த, அதே காலத்து 24 தங்கத் துண்டுகளை 2012-ல் துருக்கிக்குக் காலவரையறை இல்லாத இரவலாகக் கொடுத்தது. சனாக்கலே நகரம் பக்கம் போனால் கடற்கரையில் பெரிய மரக்குதிரை நிற்கும். பிராட் பிட் நடித்த 2004 படத்துக்காகச் செய்தது, எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். அங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஹிசார்லிக். மேட்டின் நடுவே அந்தப் பள்ளம் இன்னும் திறந்தே கிடக்கிறது, ஷ்லீமன் பள்ளம் என்ற பெயரோடு. பக்கத்தில் 2018-ல் டிராய் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரிய நெற்றியணி அங்கே இல்லை, அது மாஸ்கோவில் இருக்கிறது.